முக்கியமல்லாத செய்திகள்

நாள்தோறும் காலை ஏழு மணிக்கு எங்கள் செம்பூர் வீட்டின் பின்னறையிலிருந்து ஒரு குரல் எழும். “நான் பேசுவது எப்படிக் கேட்கிறது?” என்று அது வினவும். எங்கோ தொலைவிலிருந்து, மழை பெய்யும்போது தகரக் கூரை இரைவது போன்ற இரைச்சலின் நடுவே, மற்றொரு குரல், “ஐந்து ஒன்பது, ஐந்து ஒன்பது” என்று விடையிறுக்கும். அதாவது, சொற்கள் ஐந்துக்கு ஐந்து தெளிவு. அலையின் வலிமை ஒன்பதுக்கு ஒன்பது. இவ்வளவு சிறப்பாகக் கேட்கும் குரலைக் கொண்டு அப்பெரியவர்கள் என்ன பேசிக் கொள்கிறார்கள் என்று கேட்டால், நாகபுரியில் வெயில் எப்படி, கோயம்புத்தூர் நண்பரின் முழங்கால் வலி தேவலையா, வதோதராவில் இன்று காலைச் சிற்றுண்டி என்ன, இவைதாம். காப்பித் தம்ளருடன் அறை வாயிலில் நின்று இப்பேச்சைப் பல்லாண்டுகள் கேட்டவள் நான். பொழுதை இப்படியும் வீணாக்க முடியுமா என்று வியந்தவளும் நானேதான்.

என் கணவர் ஒரு ‘ஹாம்’. இச்சொல்லைக் கேட்டதும் நம் வாசகர்களில் சிலர் உணவுப் பண்டத்தை நினைத்து முகம் சுளிக்கக்கூடும். அஃது அன்று. ஊதியமோ இலாபமோ கருதாமல், தம் விருப்பத்துக்காகவே சொந்தமாக வானொலி நிலையம் அமைத்துக்கொண்டு, அதே விருப்பமுடைய மற்றவர்களுடன் கம்பியில்லாமல் பேசுகிறவர்களுக்கு உலகெங்கும் அப்பெயர் வழங்குகிறது. நினைத்தவரெல்லாம் இதில் இறங்கிவிட முடியாது. மத்திய அரசின் தேர்வில் தேற வேண்டும், உரிமம் பெற வேண்டும், ‘வி.யு.’ என்னும் எழுத்துக்களில் தொடங்கும் ஓர் அழைப்புக் குறியீடும் அரசு வழங்கும். அந்தக் குறியீடே இவர்களிடையே பெயர், குலம், கோத்திரம் எல்லாம்.

அவர் 1981-ஆம் ஆண்டில் தேர்வு எழுதினார். அப்போது நாங்கள் மாதுங்காவில் ஒரு சாலில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். நிமிடத்துக்கு ஐந்து சொல் வீதம் தந்திக் குறியை அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும் என்பதற்காக, இரவு முழுதும் ‘கட்டு கட கட்டு’ என்று ஒரு பித்தளைச் சாவியைத் தட்டிக்கொண்டிருப்பார். தொட்டிலில் கிடந்த மூத்த மகள் அவ்வொலி நின்றால்தான் விழித்து அழுவாள். தேர்வு முடிந்த சில மாதங்களுக்குப் பிறகு ஒருநாள், சாலின் வாயிலில் காவலர் ஒருவர் வந்து நின்று என் கணவரின் பெயரைச் சொல்லி, ‘இவர் எப்படிப்பட்டவர்?’ என்று ஒவ்வொரு கதவாக விசாரித்தார். உரிமம் வழங்குமுன் செய்யப்படும் வழக்கமான விசாரணைதான் அது. ஆனால் எங்கள் தளத்தில் இருந்த பதினாறு குடும்பங்களுக்கும் அது தெரியாதே! குழாயடியில் இரண்டு வாரம் என்னிடம் யாரும் முகங்கொடுத்துப் பேசவில்லை. “உன் அகமுடையான் எங்கே கை வைத்தாராம்?” என்று பக்கத்து அறைப் பாட்டி மட்டும் பரிவோடு கேட்டாள்.

உரிமம் வந்தபின் ஞாயிற்றுக்கிழமைகள் சோர் பஜாரில் கழிந்தன. போர்க்காலத்து மிச்சமாக வந்த மின்மாற்றிகள், வால்வுகள், தலையில் மாட்டும் ஒலிக்கருவிகள் ஆகியவற்றை எடைக்கு வாங்கி வந்து, ஈயம் பற்றவைத்து, ஒரு டிரான்ஸ்மிட்டரைத் தாமே உண்டாக்கினார். வெளிநாட்டுக் கருவி வாங்க அந்நாளில் எங்களைப் போன்றோருக்கு வழியில்லை. ராஜீவ் காந்தி பிரதமரான பின்னரே ஹாம் கருவிகளுக்கு இறக்குமதி வரி விலக்கு வந்தது. அவரும் ஒரு ஹாம். அவருடைய குறியீடு ‘வி.யு.2 ஆர்.ஜி.’ என்பது. எங்கள் வீட்டுக் கருவி முதன்முதலில் உயிர்பெற்ற அன்று எழுந்த புகையைப் பற்றி நான் எழுதப் புகுந்தால் இவ்விதழ் கொள்ளாது.

இவர்களுக்கென்று ஒரு பாஷை உண்டு. ஆண்மகன் எவனாயினும், பன்னிரண்டு வயதுச் சிறுவனாயினும், ‘ஓ.எம்.’, அதாவது ‘கிழவா’ என்றே அழைக்கப்படுவான். பெண் எவளாயினும், எண்பது வயது மூதாட்டியாயினும், ‘ஒய்.எல்.’, அதாவது ‘இளநங்கை’. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மனைவிக்கு என்ன பெயர் தெரியுமா? ‘எக்ஸ் ஒய்.எல்.’ முன்னாள் இளநங்கை! இதன் பொருளை நான் அறிந்த அன்று அவருக்கு இரவு மோர்சாதந்தான். விடைபெறும்போது ‘எழுபத்து மூன்று’ என்பார்கள். தந்தி ஊழியர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன் வழங்கிய சங்கேதம் அது. ‘நல்வாழ்த்துக்கள்’ என்று பொருள். ‘எண்பத்தெட்டு’ என்றும் ஒன்று உண்டு. அது அன்பு முத்தங்களைக் குறிப்பதாகையால் எங்கள் வீட்டில் வழங்குவதில்லை.

இத்துணைப் பாடுபட்டுப் பெற்ற உரிமத்தைக் கொண்டு முழங்கால் வலியையா பேசுவது என்று ஒருமுறை அவரிடம் கேட்டேவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார். உலக நாடுகள் கூடி வகுத்த வானொலி விதிகளில் ஹாம்களைப் பற்றிய பகுதி அது. சோதனை பற்றிய தொழில்நுட்பச் செய்திகளையும், தந்தி தபால் இலாகாவின் சேவையை நாடுவதற்கு வேண்டிய முக்கியத்துவம் இல்லாத சொந்தச் செய்திகளையும் மட்டுமே இவர்கள் பேசலாம் என்று அதில் கண்டிருந்தது. முக்கியமான செய்தியானால் காசு கொடுத்துத் தந்தி அடி. முக்கியமல்லாதது மட்டுமே உனக்கு அனுமதி! 2003-ஆம் ஆண்டில் விதிகளைத் திருத்தியபோது அவ்வாசகத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் எங்கள் வீட்டில் அது வேதவாக்காகிவிட்டது. “சட்டப்படி நடக்கிறேன்” என்பார் அவர்.

இந்தப் பித்து நம்மவருக்குப் புதிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் அரசாங்கம் வானொலியைக் கையில் எடுக்குமுன்பே அதில் இறங்கியவர்கள் பொழுதுபோக்காளர்களே. சென்னையில் 1924-ஆம் ஆண்டு மே மாதம், சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்பவரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் என்னும் சங்கம் தோன்றி, ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பையும் தொடங்கிற்று. பொருள் முடையால் 1927-இல் நின்றுபோன அக்கருவிகளை நகராண்மைக் கழகம் ஏற்று 1930-இல் மீண்டும் நடத்தியது. கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து அதைக் கேட்கச் செய்தார்கள். என் கணவரின் பாட்டனார் அந்த ஒலிபெருக்கியின் அடியில் மணலில் அமர்ந்து சங்கீதம் கேட்டவர். சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் வந்தது 1938-இல்தான். ‘என் பித்து மூன்று தலைமுறைச் சொத்து’ என்பது அவருடைய கட்சி.

எங்கள் காலைக் கூட்டத்துக்கு வருவோம். 1994-ஆம் ஆண்டு முதல், ஏழு மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், எட்டுப் பேர் நாள்தோறும் கூடி வந்தார்கள். நாகபுரியில் ஒரு ஓய்வுபெற்ற தந்தி ஊழியர். வயதில் மூத்தவர் அவரே. ஆகவே வருகைப் பதிவு எடுப்பதும் அவரே. புனேயில் ஒரு கல்லூரிப் பேராசிரியர். கோயம்புத்தூரில் மோட்டார் பம்புப் பட்டறை நடத்துபவர். சிகந்திராபாத்தில் இராணுவத்தின் சிக்னல் பிரிவில் சுபேதாராக இருந்தவர். வதோதராவில் ஆலை இன்ஜினீயராக இருந்த ஒரு பார்சி. போபாலில் ஒரு புகைப்படக் கடைக்காரர். கோட்டயத்தில் ஒரு பெண் மருத்துவர். கூட்டத்தின் ஒரே ‘இளநங்கை’. எட்டாமவர் என் கணவர். பாஷை ஆங்கிலமும் இந்தியும் கலந்தது. கூட்டம் கலைந்தபின் கோவைக்காரரும் இவரும் ஐந்து நிமிடம் தமிழ் பேசுவார்கள். அரசியலும் வியாபாரமும் கூடாது என்பது விதி. ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது என்பது கருவியின் இயல்பு. மனிதர் கூடும் இடங்களில் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த வேறோர் இடத்தை நான் கண்டதில்லை.

மும்பையிலிருந்து கோவைக்கு ஆயிரம் கிலோமீட்டர். கம்பியும் இல்லை, கோபுரமும் இல்லை. பிறகு குரல் எப்படிப் போகிறது? இதை அவர் எனக்கு அடுக்களையில் விளக்கினார். பூமிக்கு மேலே இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், சூரிய கிரணங்கள் பட்டு மின்னேறிய காற்று ஒரு விதானம் போலக் கவிந்திருக்கிறது. கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ரா போன்ற நம் நாட்டு அறிஞர்கள் ஆராய்ந்தது அந்த விதானத்தைத்தான். மேலே எறியப்பட்ட அலை அதில் பட்டுத் திரும்பி, தொலைவிலுள்ள ஊரில் வந்து இறங்குகிறது. சூரியனில் புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் விதானம் வலுக்கிறது. குறையும் ஆண்டுகளில் நலிகிறது. ஏறத்தாழப் பதினோராண்டுக்கு ஒரு சுற்று. கோடைக்கானலில் 1899-இல் ஏற்பட்ட வானாய்வுக்கூடம் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வருவதற்கும், எங்கள் வீட்டில் காலையில் இரைச்சல் மிகுவதற்கும் தொடர்பு உண்டு என்று அன்று அறிந்தேன்.

விதானம் நலிந்திருக்கும் காலங்களில் ஒரு வேடிக்கை நிகழும். செங்குத்தாக எறியப்படும் அலை அதைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். சாய்வாகச் சென்ற அலை மட்டுமே திரும்பும். ஆகவே மார்கழிக் காலையில், நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் புனே கேட்காது; ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியுள்ள கோவை கணீரென்று கேட்கும். அப்போது புனேக்காரர் சொன்னதைக் கோவைக்காரர் வாங்கி மும்பைக்குச் சொல்வார். மும்பையின் விடையைப் புனேக்குச் சேர்ப்பார். அண்டை வீட்டுச் செய்தியை அயலூர் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் இந்தக் கூத்து வெயில் ஏறும்வரை நடக்கும்.

வீட்டுக்கு வரும் விருந்தினர் எல்லாரும் ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்பார்கள். அதற்கு அவர் வைத்திருக்கும் விடை அந்தமான். 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் தில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணியும் குழுவினரும், பல்லாண்டுகளாக ஹாம் ஒலியே எழாதிருந்த அந்தமானில் நிலையம் அமைத்து உலக ஹாம்களுடன் பேசிக்கொண்டிருந்தார்கள். 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசிகள் செயலிழந்த அத்தீவுகளிலிருந்து, இன்னார் உயிரோடு இருக்கிறார் என்னும் செய்தியை அவர்களே நிலப்பகுதிக்கு அனுப்பினார்கள். விருந்தினர் வாயடைத்துப் போவார்கள். உண்மைதான், பெருமைக்குரியதுதான். ஆனால் என் கணவர் ஒவ்வொரு காலையும் கருவியை முடுக்குவது ஆழிப்பேரலையை எதிர்பார்த்து அன்று. முழங்கால் வலியை விசாரிக்கத்தான்.

இடையில் ஒரு போர் மூண்டதையும் சொல்ல வேண்டும். ஏழு மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஏறத்தாழ 65 அடி நீளமுள்ள ஏரியல் கம்பி மொட்டைமாடியில் வேண்டும். செம்பூருக்குக் குடிவந்து சில ஆண்டுகளில், எங்கள் கட்டடத்துக் கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழு அதைக் கழற்றச் சொல்லி ஓலை அனுப்பிற்று. கம்பி இடியை இழுக்கும் என்றார் ஒருவர். அதனால் தமக்குத் தலைசுற்றுகிறது என்றார் மற்றொருவர். அக்காலத்துக் காரியதரிசி, குஜராத்திப் பெரியவர், மிகக் கண்டிப்பானவர். புனேப் பேராசிரியர், மின்னலும் ஏரியலும் என்னும் பொருள் பற்றி நான்கு பக்கத்தில் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்; ஐயமிருந்தால் எந்நேரமும் கேட்கலாம் என்று தொலைபேசி எண்ணையும் கீழே குறித்தார். காரியதரிசி அசையவில்லை. ஆனால் கடிதத்தைக் கோப்பில் வைத்ததோடு, விடையாக ஒரு வரி எழுதித் தம்முடைய எண்ணையும் அனுப்பினார். கண்டிப்பானவர்கள் இப்படித்தான் முறை தவறமாட்டார்கள்.

கோவைக்காரர் கடிதம் எழுதவில்லை. பார்சலில் ஒரு கண்டு கம்பி அனுப்பினார். பம்பு மோட்டார் சுற்றும் தாமிரக் கம்பி. மயிரிழையினும் சற்றே பருமன். மாடியில் இழுத்துக் கட்டினால் பத்தடி தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது. பழைய கம்பி கழற்றப்பட்டது, குழு மகிழ்ந்தது, காலை ஏழு மணிக் குரலும் நிற்கவில்லை. காக்கை உட்கார்ந்து அறுபடுந்தோறும் கோவையிலிருந்து புதுக் கண்டு வரும். இது நேர்மையா என்று கேட்டால் என்னிடம் விடையில்லை. தலைசுற்றல் மட்டும் நின்றுவிட்டதாக அந்த மற்றொருவர் சொன்னார்.

2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இளைய மகளின் பேறுகாலத்துக்காக நான் பெங்களூர் சென்றிருந்தேன். சூரியப் புள்ளிகள் மிகக் குறைந்திருந்த காலம் அது. அன்றைய நிகழ்ச்சியைப் பின்னர் ஒவ்வொருவர் வாயிலாகவும் கேட்டு நான் கோத்தது இது.

ஏழு மணிக்கு நாகபுரிப் பெரியவர் பதிவைத் தொடங்கினார். மும்பையை அழைத்தார்; விடையில்லை. அன்று அவருக்கும் மும்பைக்கும் இடையே அலை நலிந்திருக்கலாம் என்று எண்ணிக் கோவையை அழைக்கச் சொன்னார். கோவை மூன்று முறை அழைத்தது. சிகந்திராபாத்தும் அழைத்தது. இரைச்சல்தான். மின்சாரம் போயிருக்குமோ என்றார் வதோதராக்காரர். ‘இல்லை, அவரிடம் பாட்டரி உண்டு, போன மாதந்தான் மாற்றினார்’ என்றார் சுபேதார். வெளியூர் போயிருப்பாரோ? ‘மனைவிதான் போயிருக்கிறார், இவர் தனியே இருக்கிறார்’ என்றார் கோட்டயத்து மருத்துவர். அப்போது கோவைக்காரர் சொன்னாராம்: “நேற்று அவர் ஒன்று சொன்னார். இன்று தாமே உப்புமா கிளறப் போவதாகவும், அது எப்படி வந்தது என்பதை ஏழு மணிக்கு முதற்செய்தியாக அறிவிப்பதாகவும் சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டு வராமல் இருக்கமாட்டார்.” மருத்துவருக்கு மற்றொன்று நினைவு வந்தது. “ஐந்து மணிக்குப் பச்சைத் தண்ணீரில் குளிக்கும் வழக்கம் உடையவர். வேண்டாமென்று நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!”

புனேப் பேராசிரியருக்கு மும்பை நேரே கேட்காது என்பதால், இவ்வளவையும் கேட்டபடி வாளாவிருந்தார். இப்போது கைத்தொலைபேசியை எடுத்து என் கணவரை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உடனே எழுந்து, பழைய கடிதக் கட்டைப் பிரித்து, எங்கள் காரியதரிசியின் எண்ணைத் தேடி எடுத்தார்.

அக்குஜராத்திப் பெரியவர் இரண்டாம் மாடியிலிருந்து எங்கள் நான்காம் மாடிக்கு ஏறி வந்து, எதிர்வீட்டில் நான் கொடுத்து வைத்திருந்த சாவியால் கதவைத் திறந்தபோது ஏழரை மணியும் சில நிமிடமும். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, எழவும் மாட்டாமல், குரல் எடுத்துக் கூவவும் மாட்டாமல், இரண்டரை மணி நேரமாக ஈரத்தரையில் கிடந்தார் என் கணவர். கண் திறந்து அவர் சொன்ன முதல் வார்த்தை, “ஏழாகிவிட்டதா?” என்பதாம்.

நான் விமானத்தில் வந்து சேர்ந்தபோது பிற்பகல். மறுநாள் சிகிச்சை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நானும் மருமகனும் காத்திருக்கையில், குள்ளமான, வழுக்கைத் தலையுள்ள ஒருவர் கையில் துணிப்பையுடன் வந்து நின்றார். யாரோ என்றிருந்தேன். “வஹினி” என்று அவர் வாய் திறந்ததும் எழுந்துவிட்டேன். மராத்தியில் மன்னி என்று பொருள். இருபத்தைந்து ஆண்டுகளாக என் வீட்டுப் பின்னறையில் ஒலித்த குரல் அது! காலை டெக்கான் குயினில் ஏறி தாதரில் இறங்கி வந்திருந்தார். அவரை ஆறடி உயரமுள்ளவராக நான் கற்பனை செய்து வைத்திருந்தேன், ஏனென்று தெரியாது. என் கணவரும் அவரை அதுவரை நேரில் கண்டதில்லை. தொடர்பு கொண்டதற்கு அத்தாட்சியாக ஹாம்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் ‘கியூ.எஸ்.எல்.’ அட்டையில் ஓர் இளவயதுப் புகைப்படம் இருந்தது, அவ்வளவே. மயக்கம் தெளிந்த நோயாளியின் கட்டிலருகே அவர் குனிந்து, “எப்படிக் கேட்கிறது?” என்றார். “ஐந்து ஒன்பது” என்றார் இவர். பிறகு இருவரும் நெடுநேரம் பேசவில்லை. கருவி நடுவில் இல்லாமல் பேச அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது போலும்.

துணிப்பையில் பாக்கர்வடியும், கோவைக்காரர் கூரியரில் புனேக்கு அனுப்பியிருந்த ஒரு கண்டுக் கம்பியும் இருந்தன. கம்பிக்குத் தேவை இல்லாமற் போயிற்று. அவர் வீடு திரும்பிய வாரத்தில் காரியதரிசி மாடிக்கு வந்து, “மேலே ஒழுங்காக ஒரு கம்பத்தை நட்டுக் கட்டிக்கொள்ளுங்கள், அந்த மயிர்க்கம்பி எங்கள் பட்டங்களில் சிக்குகிறது” என்றார். ஆக, அத்தனை ஆண்டுகளும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

அடுத்த மார்ச்சில் ஊரடங்கு வந்தது. காலைப் பதிவு மாலையிலும் ஒருமுறை என்றாயிற்று. நாகபுரிப் பெரியவரின் குரல் நாளுக்கு நாள் மெலிந்தது. அலையின் குற்றமென்றே எல்லாரும் வைத்துக்கொண்டார்கள். 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவை முடிவுற்றபோது, அன்று காலை வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு வருகைப் பதிவு முழுவதையும் தந்திக் குறியிலேயே எடுத்தவர் அவர். எண்பத்தாறாம் வயதில், 2021-ஆம் ஆண்டு சித்திரையில் காலமானார். இறந்த ஹாமை இவர்கள் ‘மௌனச் சாவி’ என்பார்கள். மறுநாள் ஏழு மணிக்கு என் கணவர் கருவியை முடுக்கினார். யாரும் பதிவைத் தொடங்கவில்லை. எவரும் எவரையும் அழைக்கவில்லை. ஆறு நிமிடம் இருக்கும், வெறும் இரைச்சலைக் கேட்டபடி அமர்ந்திருந்தோம். பின்னர் கோட்டயத்து மருத்துவர், வழக்கத்தில் அவர் வைத்திருந்த வரிசைப்படியே, போபாலிலிருந்து தொடங்கினார். அன்று முதல் பதிவு அவருடையது.

இப்போது என் கணவருக்கு எழுபத்தெட்டு. கைத்தடியுடன் நடக்கிறார். செவி மந்தமாகிவிட்டது; அதிலும் இரைச்சலின் நடுவே சொற்களைப் பிரித்தறிய இயலவில்லை. கட்டடமெங்கும் நிறைந்துவிட்ட புதுவகை விளக்குகளும் மின்னேற்றிகளும் எழுப்பும் இரைச்சல் வேறு. ஆகவே காலை ஏழு மணிக்கு நான் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்கிறேன். வந்த குரல் சொல்வதைக் கேட்டு அவர் காதருகே சொல்கிறேன். அவர் விடையைத் தம் வாயால் சொல்கிறார். குறிப்பேட்டை எழுதுவதும் என் பொறுப்பாகிவிட்டது. தேதி, நேரம், குறியீடு, தெளிவு, வலிமை என்று கோடு போட்ட பத்திகள். கடைசிப் பத்தி, பேசிய விஷயம். அக்கடைசிப் பத்தியை அவர் அந்நாளில் வெறுமையாக விட்டுவிடுவார். நான் விடுவதில்லை. கோவைத் தம்பி, “அக்கா, இதையெல்லாமா எழுதுகிறீர்கள்?” என்று கேட்டுச் சிரிக்கிறார்.

இக்கட்டுரையை எழுதும் இன்றைய காலைக்கு நான் எழுதியுள்ளவை:

கோட்டயம்: இரவெல்லாம் மழை. பேத்தி வந்திருக்கிறாள். நாளை நேரங்கழித்து வருவார்.

வதோதரா: மாங்காய் ஊறுகாய் பூஞ்சணம் பிடித்துவிட்டது. உப்புக் குறைவு என்று சொன்னேன், ஒப்புக்கொள்ளவில்லை.

சிகந்திராபாத்: மின்வெட்டு. பாட்டரியில் பேசினார்.

புனே: கண்புரைச் சிகிச்சை திங்களன்று. திங்கள், செவ்வாய் வரமாட்டார், தேட வேண்டாம்.

கோவை: பல் பிடுங்கியாயிற்று. மூன்று நாள் கஞ்சி.

போபால்: நேரே கேட்கவில்லை. கோவை வழியாக: நலம்.